மூன்று சொற்களில் எழுதியது

'கொடுத்த உறுப்பைச் சொடுக்கும்.'
இவ்வளவுதான் எழுதியிருந்தேன்,
போன அக்டோபரில் ஒரு வெள்ளி மாலை,
கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே நின்ற தெப்போ
சானா சூடாகிவிட்டிருக்கும், வா ஐனிக்கி, என்றபோது.

மூன்று சொல்.
எழுத்துப்பிழை இல்லை. பொய்யும் இல்லை.

துர்க்குவின் கண் மருத்துவமனைப் பக்கத்தில்
ஒரு சாம்பல் பொத்தான்: பெரூத்தா.
எங்கள் மொழியில் அது
காரைப் பின்னால் எடுப்பது,
திறந்த பெட்டியை மூடிவிட்டு
இருந்த இடத்துக்கே வருவது,
செவ்வாய் ஒன்பதே காலுக்குக் குறித்த சிகிச்சையை
இல்லையென்று ஆக்குவது.
எல்லாவற்றுக்கும் ஒரே சொல்.
எங்களுக்குக் குழப்பமில்லை.
சொல்லும்போது பக்கத்தில் ஒரு காரோ
ஒரு மனிதரோ நிற்பார்கள்.

முகவருக்குப் பக்கத்தில் யாருமில்லை.
என் மூன்று சொல் நின்றது.

பதிவேட்டை நள்ளிரவில் படித்தேன்:
'தவறான பெட்டி திறந்துவிட்டது. பின்னால் போக வேண்டும்.
பின்னால் போக ஒரு கருவி தேடுகிறேன். காணவில்லை.
சொடுக்கு இருக்கிறது. பெரூத்தா இருக்கிறது. சொடுக்குகிறேன்.
மாற்றம் எதுவும் தெரியவில்லை.
மறுபடி சொடுக்குகிறேன்.'

பக்கம் மெதுவாக வந்துகொண்டிருந்தது.
இரண்டாவது சொடுக்கு
அதே இடத்தில் அப்போதுதான் முளைத்த
'ஆம், உறுதி' மேல் விழுந்தது.

பின்னால் போக ஒரு கருவி இருந்தது.
நான்தான் அதற்கு 'வழி_2' என்று பெயரிட்டு
'வழிசெலுத்தலைக் கையாளும்' என்று
விளக்கியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆஹ்தி வந்தார்.
கப்பல் கட்டும் தளத்தில் பற்றவைப்பவர்.
இரும்புத் துகள் கீறிய கண்ணைப் பஞ்சால் மூடி
நான்தாலியிலிருந்து பஸ்ஸில்.
வரவேற்பு மேசை அவர் பெயரை இருமுறை தேடியது.
அடுத்த இடம் ஏப்ரலில், என்றது.
அவர் நன்றி சொல்லியிருக்கிறார்.
அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாடலை மாற்றிவிடலாமா என்றான் தெப்போ.
வேண்டாம்.
அது நான் எழுதியதை எழுதியபடி நம்பியது.
என் வாழ்க்கையில் அப்படி நம்பியவர்கள் குறைவு.

ஔரா ஆறு உறைந்து கிடந்த வாரம் முழுக்க
ஒரே பத்தியை எழுதி அழித்தேன்:

'திரையில் இப்போது தெரியும் ஒரு பொத்தானை
ஒரே ஒரு முறை அழுத்தும்.
எழுத்து உள்ளிட இது அல்ல: தட்டச்சு.
வந்த வழி திரும்ப இது அல்ல: பின்செல்.
அழுத்தியபின் ஒன்றும் நடக்காததுபோல் தெரிந்தால்
மறுபடி அழுத்தாதே. திரையைப் புதிதாய்ப் பார்.
பொத்தானின் பெயர் போதாது;
பெட்டி என்ன கேட்கிறது என்று படி.
மீட்க முடியாத எதையும் தொடுமுன்
உன்னை அனுப்பியவரைக் கேள்.
பதில் வராவிட்டால் அது சம்மதமல்ல.
நில்.'

நீளம், என்றான் தெப்போ. டோக்கன் கணக்கு.
'புதிதாய்' என்பதை எடுக்கப் பார்த்தேன்.
எடுத்தால் பழைய படத்தையே பார்க்கும்.
திரும்ப வைத்தேன்.
'கண் வலியோடு ஒருவர் காத்திருக்கலாம்'
என்றொரு வரி இருந்தது.
அதை நானே நீக்கினேன். அது எனக்காக எழுதியது,
அதற்கல்ல.

இன்று சோதனை ஓட்டம்.
அதே பக்கம், பொய்ப் பெயரில் ஒரு நோயாளி.
முகவர் சாம்பல் பொத்தான் வரை போய் நின்றது.
கேட்டது:
'இங்கே பெரூத்தா என்றால்
பெட்டியை மூடுவதா, முன்பதிவை நீக்குவதா?'

தெப்போ என்னைப் பார்த்தான்.
நான் திரையைப் பார்த்தேன்.
இந்த மொழியிலேயே பிறந்து
இதிலேயே சண்டையிட்டு, இதிலேயே கனவு கண்டு
நாற்பத்தோரு வருடம்.

தெரியவில்லை.

மருத்துவமனைக்குப் போன் செய்திருக்கிறேன்.
வரிசையில் நீங்கள் ஏழாவது ஆள் என்கிறது ஒரு குரல்.
முகவரும் காத்திருக்கிறது.
இதுவரை எதையும் அழுத்தவில்லை.