நாலு விரற்கடை

அக்டோபர் பிறந்தால் குஹ்மோவில்
எங்கள் இரும்புக்கடையில் ஆணி வாங்க ஆளில்லை.
எல்லோருக்கும் கத்தி வேண்டும்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
பீரங்கி கேட்பதுபோலக் கேட்கிறார்கள்:
மூஸ், நானூறு கிலோ,
அதற்குத் தகுந்த மாதிரி ஒன்று.

மிருகத்தின் எடையை நான் கேட்பதில்லை.
கையைக் காட்டுங்கள் என்பேன்.
கயானியிலிருந்து வந்த பல் டாக்டர் ஒஸ்மோ
ரேகை பார்க்கப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ
இடக்கையை நீட்டினார்.
பிடிக்கிற கை, டாக்டர், பிடிக்கிற கை.

நாலு விரலைச் சேர்த்து வைத்தால் என்ன அகலமோ
அலகு அவ்வளவு போதும்.
மிச்ச நீளம்
வயிற்றுக்குள், உங்கள் கண் எட்டாத இருட்டில்,
தன்னிஷ்டத்துக்குத் திரியும்.
முனை மேல்நோக்கித் துருத்தக் கூடாது,
முதுகு மெல்லச் சரிந்து வந்து தலை குனிய வேண்டும்.
கைப்பிடி வழவழவென்று மின்னினால் வேண்டாம்.
கொழுப்பு பட்டால் அது மீன்.

எல்லாம் கேட்டார். தலையாட்டினார்.
பிறகு கண்ணாடி அலமாரியின் மேல்தட்டைக் காட்டி
ரம்பப் பல் வைத்த ஒன்பது அங்குலத்தை
வாங்கிக்கொண்டு போனார்.
அரிசிமணி அளவு ஊசியால்
நாளெல்லாம் வேலை செய்கிற மனிதர்.

இரண்டாவது சனிக்கிழமை, ஹில்லசுவோ சதுப்பின் விளிம்பில்,
எங்கள் குழுவின் முதல் காளை விழுந்தது.
சுட்டவர் அவர். ஆகவே அவரே திறக்க வேண்டும்.
மண்டியிட்டார். தோல் விட்டது.
அடுத்த இழுப்பில் ஏதோ உஸ்ஸென்று பெருமூச்சு விட
அரைபட்ட வில்லோ இலை, பைன் கொழுந்து,
வெதுவெதுப்பான பச்சைக் கூழ்
அவர் முழங்கைவரை வந்தது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
எங்கள் ஊரில் அதுதான் திட்டுவது.
வெய்யோ மட்டும் தன் நாயைப் பார்த்து
"நாற்றம்" என்றார்.

என்னுடையதைக் கொடுத்தேன்.
பிர்ச் மரப்பிடி, பதினோரு வருடம் என் உள்ளங்கையில் ஊறியது.
கூர் வானத்தைப் பார்க்கட்டும்.
இரண்டு விரலால் தோலைத் தூக்குங்கள்,
அலகு அந்த இரண்டுக்கும் நடுவே நடக்கட்டும்.
அவர் தோள் தளர்ந்தது.
அதற்கப்புறம் அந்தக் கை
தன் தொழிலுக்குத் திரும்பிவிட்டது:
உதரவிதானத்தை விளிம்போடு வழித்தார்,
மூச்சுக்குழலை எட்டிப் பிடித்து அறுத்தார்,
மொத்தமும் நழுவிப் பாசிமேல் சரிந்தது
ஆவி பறக்க, முழுசாக.
கறை பட்ட சதையை மட்டும் சீவி எறிந்தோம்.
காக்கைகளுக்கு நல்ல நாள்.

கால்களைக் கட்டி இழுக்கையில் இருட்டிவிட்டது.
கத்தி எங்கே?
அவர் என்னிடம் தந்ததாகச் சொன்னார்.
நான் வாங்கவில்லை என்றேன்.
லிங்கன்பெர்ரிப் புதரும் பிர்ச் பிடியும்
அந்த நேரத்தில் ஒரே நிறம்.
டார்ச் அடித்துத் தேடினோம். மறுநாளும் தேடினேன்.
பிறகு பனி விழுந்தது.

நிறத்தைப் பற்றி மட்டும்
நான் யாருக்கும் சொன்னதில்லை,
பதினோரு வருடமாகக் கத்தி விற்றும்.

அடுத்த செப்டம்பரில் பழம் பறிக்கப் போனவள்
வாளியை வைத்த இடத்தில்
அலகு கிடந்தது, துரு படர்ந்து.
பிடி பாதிதான் இருந்தது.
சுற்றிலும் சன்னச் சன்னமாய்க் கொறித்த வரிகள்.

கடையில் கல்லாப்பெட்டி அருகே வைத்திருந்தேன்.
ஒஸ்மோ வந்தார். எடுத்தார்.
சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை மாட்டி
ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பிப் பார்த்தார்.
"வெட்டுப்பல். கீழ்வரிசை, இரண்டு.
வயல் எலியாக இருக்கும்.
ஒரு சொத்தை கிடையாது" என்றார்,
ஏதோ நான் வளர்த்த பிள்ளைபோல.

உப்புக்காகத் தின்றிருக்கிறது.
காளையின் ரத்தமா, என் வியர்வையா,
எது ருசித்ததென்று பல்தடம் சொல்லவில்லை.

நாலு விரற்கடை அலகு, சொரசொரப்பான ரப்பர் பிடி,
கண்ணைக் குத்தும் ஆரஞ்சு:
ஒன்றை எடுத்து அவர் முன் வைத்தேன்.
"இரண்டு கொடுங்கள்" என்றார்.
பணத்தை எண்ணி வைத்துவிட்டு
ஒன்றை என் பக்கமே தள்ளினார்.