மனை எண் பதினாலில் மல்லாட்டை

வண்டலூருக்குப் பின்னால் நெடுங்குன்றத்தில்
காப்புக்காட்டு வேலி முடிகிற,
சென்னை வந்தும் வராத ஓரத்தில்
மனைக் கற்களுக்கு நடுவே
பவுனம்மாள் மல்லாட்டை போட்டிருந்தாள்.
பதினாலு தொடங்கி இருபத்திரண்டு வரை.
மனைக்காரர்கள் மஸ்கட்டிலும் மறைமலைநகரிலும்.
வீடு எழும்பும்வரை உழுதுகொள்ளலாம் என்பது
வாய்ப்பேச்சுக் குத்தகை.

நான் கூண்டு வண்டி ஓட்டுகிறவன்.
வனத்துறையில் தினக்கூலி.
சட்டை மட்டும் காக்கி.
மனு வந்தால் போவேன்,
பூவன் பழம் ஒரு சீப்பும் வேர்க்கடலை அரைக் கிலோவும்
ரசீதோடு வாங்கிக்கொண்டு.
பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தாள்.
"என் மல்லாட்டையைத் தின்ற குரங்கைப் பிடிக்க
கடை மல்லாட்டையா?"

பயிர்ச்சேதம் எவ்வளவு என்று படிவம் கேட்டது.
உள்ளே போய்ப் பால் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துவந்தாள்.
பால் நின்ற பக்கத்திலிருந்து குரங்கு தொடங்கியது.

*மாசி 3. கிழிஞ்ச காது, கூட நாலு. பதினாறில் அரைப் பாத்தி.*
*மாசி 4. பட்டாசு போட்டேன். அறுபது ரூபாய் நஷ்டம்.*
*மாசி 5. பட்டாசுக்குப் பயப்படல.*
*மாசி 9. மொட்டை வாலு மட்டும். செடியைப் பிடுங்கி
மண்ணை உதறி, என்னைப் பாத்துக்கிட்டே தின்னுது.*
*மாசி 15. மொட்டை வாலு குட்டி போட்டிருக்கு.
ஒரு கைப்பிடி. எழுதல.*

எழுதவில்லை என்பதை எழுதியிருந்தாள்.

மொத்தம் பன்னிரண்டு என்றாள். எங்கள் கணக்கில்
"சுமார் முப்பது" என்றிருந்தது.
இவ்வளவு தெரிந்துமா பிடிக்கச் சொல்கிறீர்கள் என்றேன்.
"தெரியாததையா பிடிக்கச் சொல்ல முடியும்?
ஞாயித்துக்கிழமை கார்காரங்க
பிஸ்கட் குடுத்துப் பழக்கிட்டுப் போறாங்க.
திங்கக்கிழமைப் பசிக்கு நான்."

மூன்று நாளில் பதினொன்று சிக்கின.
கிழிந்த காது வரவில்லை.
வேப்ப மர உச்சியில் இருந்து
கூண்டுக் கதவையும் என் கையையும்
மாறி மாறிப் படித்துக்கொண்டிருந்தது.
மொட்டை வாலு கம்பியைப் பிடித்திருந்தது,
பேருந்தில் நின்று போகிற பெண் போல,
ஒரு கை குட்டிக்கு, ஒரு கை கம்பிக்கு.

எழுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு காடு என்றது உத்தரவு.
போய்ச் சேர்ந்தபோது விடியவில்லை.
கதவைத் திறந்தேன். எதுவும் இறங்கவில்லை.
வண்டியைத் தட்டினேன்.
இறங்கியவை காட்டுக்கு முதுகைக் காட்டி
எதிர்த்திசையில் மோந்து பார்த்தன.
அந்தப் பக்கம் யாருடைய வெண்டைக் கொல்லையோ.
மோட்டார் கொட்டகையில் இருந்து ஒருவன் வெளியே வந்து
டார்ச் அடித்து என் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டான்.
நல்லதுதான்.
மனுவுக்கு ஆகும்.

பங்குனி நடுவில் கையெழுத்து வாங்கப் போனேன்.
நோட்டு ஜன்னலில் இருந்தது.
கேட்காமல் புரட்டினேன்.

*பங்குனி 2. யாரும் வரல.*
*பங்குனி 3. யாரும் வரல. எலி இருக்கு.*
*பங்குனி 7. கிழிஞ்ச காது தனியா.
கல்லு மேல உக்காந்துட்டுப் போச்சு. நஷ்டம் இல்லை.*
*பங்குனி 11. வெள்ளைச் சட்டை, கூட ரெண்டு, ஒரு ஜேசிபி.
பதினாலு முதல் பதினெட்டு வரை. முழுசும்.*

வெளியே செம்மண் குவியலில்
பிஞ்சும் காயுமாய் மல்லாட்டை
வேர் மேலாகக் கிடந்தது.
படிவத்தை நீட்டினேன்.
"தொல்லை நீங்கியது" என்ற கட்டத்துக்கு எதிரே
என் பேனாவை வாங்கி, எழுதாததால் உதறி,
மறுபடி உதறி
பவுனம்மாள் என்று முழுப்பெயரும் போட்டாள்.