எண் விழாதவள்

ராத்திரி இரண்டே முக்காலுக்கு ரெஜினா சிஸ்டர் கூப்பிட்டார்.
சிவாஜிநகர், பிரசவ ஆஸ்பத்திரி.
"மேடம், பாப்பா உள்ளே போகமாட்டேங்குது."

முருகேஷ்பாளையாவில் போர்வைக்குள்ளேயே
லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு சிவப்பு வரி:
இக்குழந்தை சுட்டும் தாய் இன்னும் சேமிக்கப்படவில்லை.

அந்த வரியை எழுதியவள் நான்தான்,
மூன்று வருஷத்துக்கு முன்பு,
சாப்பாட்டு மணி அடிப்பதற்குள்.

தாய் இருக்கிறாள்.
ஹுலிகெம்மா. வயது இருபத்திரண்டு, அவளே சொன்னது.
ராய்ச்சூர்ப் பக்கம். ஹெப்பாளில் பத்தாவது மாடிக்குக்
கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்து
ஆட்டோவில் வந்தவள்.
போன் புருஷனிடம்.
புருஷன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.
பத்து இலக்கம் நிரப்பாமல் படிவம் நகராது,
அதுவும் என் கைவேலை.
ஆகவே சாயங்காலத்திலிருந்து அவள்
கம்ப்யூட்டரின் நினைப்பில் மட்டும் இருந்தாள்:
பெயர் உண்டு, ரத்த வகை உண்டு, எண் இல்லை.
யாராவது கை தவறித் திரையை மூடினால்
அவள் வந்ததே இல்லை.

மகள் காத்திருக்கவில்லை.
இரண்டு கிலோ முந்நூறு. நேரம், எடை, அழுகை எல்லாம் சரி.
'தாய் எண்' கட்டத்தில் மட்டும் வெறும் காற்று.

வழிகள் தெரியும் எனக்கு.
அந்தக் கட்டம் காலியாக இருக்கலாம் என்று விட்டுவிடலாம்;
ஒரு சொல்லை அழித்தால் போதும்,
விடிவதற்குள் வார்டு முழுக்க யாருடையதுமில்லாத பிள்ளைகள்.
பூஜ்யம் என்ற எண்ணில் ஒரு பொய்த் தாயைச் செய்து வைக்கலாம்;
பழைய கம்பெனியில் பார்த்திருக்கிறேன்,
நாலாயிரம் கணக்குகளுக்கு ஒரே அப்பா.
பிள்ளையைச் சேமிக்கும்போது தாயையும் இழுத்துக்கொண்டு போ என்று
உறவிலேயே எழுதிவிடலாம். ஆனால் அந்தக் கயிறு
அழிக்கும்போதும் இழுக்கும்.
தவறாக ஏறிய பிள்ளை ஒன்றை
எவரோ ஒருநாள் நீக்க,
பின்னாலேயே போய்விடுவாள் தாய்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

போன் நம்பரின் கட்டாயத்தை எடுத்தேன்.
யாரையும் கேட்கவில்லை.
"சிஸ்டர், முதல்ல அம்மா. அப்புறம் பாப்பா."
"நம்பர் கேக்குமே?"
"கேக்காது."

விசைகளின் சத்தம். பின்னால் எங்கோ ஒரு பக்கெட் உருண்டது.
"நாப்பத்தொண்ணாயிரத்து எழுநூத்தி எட்டு,"
ஏலம் விடுகிறவர் மாதிரிச் சொன்னார் ரெஜினா.
எட்டு மணி நேரம் பிந்தி வந்து சேர்ந்தாள் ஹுலிகெம்மா.
அவள் பின்னால் மகள், ஒரு நொடியில்,
கதவு திறந்துதான் இருந்தது என்பதுபோல.

"அவங்க என்ன பண்றாங்க?"
"தூங்கறா மேடம். அவளுக்கு என்ன தெரியும் இதெல்லாம்."

காலை பத்தரைக்குக் குல்கர்ணி கேட்பார்,
எவர் உத்தரவில் எடுத்தாய் என்று.
பதில் யோசித்தபடி அந்த வரியை மறுபடி திறந்தேன்.
பிள்ளையின் பெயரும் கட்டாயம் என்று வைத்திருந்தேன், மறந்தே போனது.
அதற்கு அவர்களிடம் எப்போதிலிருந்தோ ஒரு வழி இருக்கிறது.
ரெஜினா தட்டியிருந்தார்:
ஹுலிகெம்மாவின் பாப்பா.