டோக்கன் எண் 41

வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்
கைப்பேசியை, லைட்டரை,
சாவிக்கொத்தில் தொங்கும் சின்ன டார்ச்சை.
பதிலுக்கு ஒரு பித்தளை டோக்கன்.
பாலியெஸ்டர் சட்டையில் வந்த ஒப்பந்தக்காரப் பையனை
நேற்றுத் திருப்பி அனுப்பினேன்.
"சட்டைக்கெல்லாமா மேடம்?"
சட்டைக்கும்தான்.

கார்த்திகை. காட்டுப்பள்ளிப் பக்கமிருந்து வாடை.
மாலை ஆறுக்கு எண்ணூரில் கட்டிய கப்பல்,
பதினாறு வடங்கள்,
எது எத்தனை டன் இழுக்கிறதென்று
என் திரையில் துடிக்கும் பதினாறு எண்கள்.
அதன் வயிற்றில்
சுழியத்துக்குக் கீழே நூற்று அறுபத்திரண்டில்
கொதித்துக்கொண்டே வந்திருக்கிறது ஒரு திரவம்.
ஆமாம், கொதித்துக்கொண்டு.
அந்தக் குளிர்தான் அதற்குக் கொதிநிலை.

அடுப்படியில் நாம் பயப்படும் நாற்றம்
யாரோ பிறகு கலந்தது.
இதற்கு மணம் கிடையாது.
கசிந்தால் எழும் வெண்புகைகூட அதுவல்ல,
நம்ம ஊர்க் காற்றின் வியர்வை உறைந்தது.
மூக்கை நம்பாதே என்று சொல்லித்தான்
வேலைக்கு எடுத்தார்கள்.
அதனால் தூணுக்குத் தூண்
வேறு மூக்குகள் மாட்டியிருக்கிறோம்.
அவற்றுக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று
வாரம் ஒருமுறை பார்ப்பது நான்.

ஒன்று நாற்பது.
வெப்பக் காமிராவில் சூடானது வெள்ளை, குளிர்ந்தது கறுப்பு.
திரவம் ஓடும் மூன்று கரங்களும் கரிக்கோடு.
அவற்றுக்கு அப்பால்
கடலின் சாம்பலில்
ஒரு பொட்டு வெள்ளை.

ஐந்நூறு மீட்டர் என்பது எங்கள் கோடு.
பொட்டு நானூற்று எண்பதில்.
பதினாறாம் சேனலில் இருமுறை ஆங்கிலத்தில் கூப்பிட்டேன்,
பிறகு தமிழில்,
பிறகு, "யோவ், யாருய்யா அது?"
பதிலில்லை.
ரோந்துப் படகு தெற்கு முனையில், வந்துசேர ஒன்பது நிமிடம்.
நானூற்று முப்பது.
கண்ணாடி மூடியைத் தூக்கி
அழுத்திவிட்டேன்.

பம்புகள் ஓய்ந்தன.
இருபத்தெட்டு வினாடியில் வால்வுகள் மூடின.
ஜெட்டியில் அப்படி ஒரு அமைதி,
அலை தூணில் அறைவது கேட்டது.
கப்பலிலிருந்து ரொடேல், தூக்கம் கலைந்த குரலில்:
"ஏன் நிறுத்தினாய்?"
"ஒரு படகு."
"ஆயுதமா?"
"தெரியாது. சூடாக இருக்கிறது."

ஃபைபர் படகு. மூன்று பேர்.
தேசப்பன், அவன் மைத்துனன்,
பழவேற்காட்டிலிருந்து வந்த ஒருவன்.
இன்ஜின் நின்று, நங்கூரக் கயிறு அறுந்து
வன்னி வெள்ளம் இழுத்து வந்திருக்கிறது.
மணல் நிரப்பிய தகரப் பெட்டியில்
மண்ணெண்ணெய் ஸ்டவ்,
அதன்மேல் காரப்பொடி மீன் குழம்பு.
காவலர்கள் அதட்டியபோது
தேசப்பன் சொன்னானாம்:
"இஞ்சினு நின்னுட்ச்சி சார். வயிறு நிக்குமா?"

காலையில் படிவம்.
அச்சுறுத்தலின் வகை என்று கேட்டு ஐந்து கட்டங்கள்:
ஊடுருவல், நாசவேலை, போராட்டம், ட்ரோன், மற்றவை.
மேலாளர் போனில்,
"மூணு மணி நேரம் போச்சு.
அதுக்கு என்ன ரேட்டுன்னு தெரியுமா பிரிசில்லா?
ஒண்ணுமே நடக்கலியே."
நடக்கவில்லைதான், சார்.

வீட்டுக்குப் போகும் முன் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
காற்று வடக்கிலிருந்து, அவர்களும் வடக்கே.
கசிந்திருந்தாலும் அவர்கள் பக்கம் போயிருக்காது
அந்த நிமிடத்தில்.
இன்னும் கால் மணி வன்னி இழுத்திருந்தால்
கீழ்க்காற்றில் இருந்திருப்பார்கள்,
குழம்பும் கொதித்து இறங்கியிருக்கும்.
இறங்கியிருக்குமா?
பொத்தானின்மேல் விரல் இருந்தபோது
இந்தக் கணக்கு என்னிடம் இல்லை.
மற்றவை என்ற கட்டத்தில் டிக் போட்டு
விவரம்: சோறு என்று எழுதி
அடித்துவிட்டு
தீப்பிழம்பு, திறந்தவெளி என்று எழுதினேன்.

படகை வெளியே இழுத்துவிட்டார்கள்.
குழம்பைத் தேசப்பனிடமே கொடுத்துவிட்டார்கள்.
ஸ்டவ் மட்டும்
வாசலில், கைப்பேசிகளின் அலமாரியில்,
கீழ்த்தட்டில் இருக்கிறது.
மணமில்லாததைக் காக்கும் இந்த இடத்தில்
அந்த மூலையில் மட்டும்
மண்ணெண்ணெய் வாடை, கொஞ்சம் புளி.
டோக்கன் எண் 41.
ஐந்து நாளாகிறது.
இன்னும் யாரும் வந்து கேட்கவில்லை.