ஏழாவது விதி

மழை பத்தொன்பதாவது நாள்.
பாத்துமியில் மழையை எண்ணுகிறவளுக்கு
வேறு வேலை இல்லை என்பாள் லாம்சிரா.

எனக்கு இருந்தது.
காலை ஒன்பதுக்குள்
நான்கு மணி நேர நீதிமன்றப் பதிவு ஒன்றை
எழுத்தாக்கி அனுப்ப வேண்டும்.
கொபுலேத்தியில் ஒரு மாண்டரின் தோப்பு,
அதற்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி.

ஹெட்போனில்தான் கேட்க வேண்டும்,
வெளியே ஒரு சொல் கசியக் கூடாது:
ஒப்பந்தத்தின் ஏழாவது விதி.
எங்கள் சுவரோ
பக்கத்து வீட்டு ஓத்தியா தும்மினால்
இங்கிருந்தே வாழ்க என்று சொல்லிவிடலாம்,
அவ்வளவுதான் அதன் கனம்.

செருகினேன். சத்தமில்லை.
கழற்றினேன். அப்போதும் சத்தமில்லை.
எதுவும் செருகாத மடிக்கணினியின் மூலையில்
ஹெட்போன் படம் மட்டும்
போகாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

அணைத்து எழுப்பினேன்.
ஒலியளவை நூறுக்கு ஏற்றினேன்.
டிரைவரை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன்.
அது ஏறி முடிவதற்குள் தேநீர் ஆறி
அதில் ஒரு பூச்சி விழுந்து
பூச்சியை எடுத்துவிட்டு
குடிக்கவும் செய்தேன்.
ப்ளூடூத்தை அலுவலகம் பூட்டி வைத்திருக்கிறது.
திறக்கக்கூடியவர் குத்தாயிசியில், தூக்கத்தில்.

ஒன்றரைக்கு லாம்சிரா வந்தாள்,
காசினோ முடிந்து, செருப்பு கையில்.
அவள் ஹெட்போனை வாங்கிச் செருகினேன்.
பாதி போய் நின்றது,
உள்ளே யாரோ
கதவுக்கு முட்டுக் கொடுத்த மாதிரி.

செல்போன் வெளிச்சத்தில்
ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தோம்.
பித்தளை, ஓர் அரிசியளவு.
என் ஹெட்போனின் முனையைத் திருப்பினால்
ஊக்கு ஒடிந்த பென்சில்.

செவ்வாய்க்கிழமை, காற்று.
ஜன்னலைச் சாத்த
காதில் மாட்டியபடியே எழுந்தேனே,
அப்போது.

ஆக மூன்று நாளாய்
ஒரு தலை தன்னோடு இருப்பதாய் நம்பி
மணியடித்தது, அறிவித்தது,
பேட்டரி தீரப்போவதை எச்சரித்தது, எல்லாம்
அந்தத் துண்டுக்கு.
செவிடன் காதில் ஊதினாலாவது
ஒரு காது இருக்கும்.

பால்பாயிண்ட் ரீஃபில்,
நுனியில் ஒட்டுப்பசை, ஒரே துளி.
சீட்டுப் போடுகிற கை நடுங்காது என்று
லாம்சிரா வாங்கிக்கொண்டாள்.
மெக்ரேலிய மொழியில் அறுபதுவரை எண்ணினாள்.
நாற்பதில் தடுமாறி
மறுபடி முப்பத்தெட்டிலிருந்து.

இழுத்தாள். வந்தது.

ஒலியளவு நூறில் இருந்ததை
இருவருமே மறந்திருந்தோம்.
பதிவு ஓடிக்கொண்டே இருந்ததையும்.
இரண்டு நாற்பதுக்கு, அறை அதிர,
நீதிபதி கேட்டார்:
"பிரதிவாதி வந்திருக்கிறாரா?"

சுவருக்கு அந்தப் பக்கம்
கட்டில் கிறீச்சிட்டது.
தூக்கம் அப்பிய குரலில்
ஓத்தியா சொன்னார்:
"வந்திருக்கிறேன்."

லாம்சிரா தலையணையைக் கடித்துக்கொண்டாள்.
நான் நிறுத்தக் கட்டையைத் தேடி
இரண்டு முறை தவறாக அமுக்கினேன்.
பிறகு அவளுடைய ஹெட்போன்.
முழுதாக உள்ளே போய் டக்கென்றது.
விடிய விடிய அண்ணன், விடிய விடிய தம்பி.
எட்டு ஐம்பதுக்கு அனுப்பினேன்.

படிக்கட்டில் ஓத்தியா
துறைமுகத்துக்குக் கிளம்பி நின்றார்,
கிரேன்காரர்களின் மஞ்சள் கோட்டில்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
குடையின் கம்பியை நிமிர்த்தியபடி
அவர் முந்திக்கொண்டார்.
"எனக்குப் பதினான்காம் தேதி.
பெயர் கூப்பிட்டால்
எழுந்து நின்றால் போதுமா,
சொல்லவும் வேண்டுமா?"

என்ன வழக்கு என்று கேட்கவில்லை.
"சொல்ல வேண்டும்" என்றேன்.
"மைக்குக்குக் கொஞ்சம் பக்கமாக.
இருமல் வந்தால்
முதலில் இருமிவிட்டு."