புள்ளி விட்டுப்போன சொல்

டுர்க்கு நகரில் அந்த ஜனவரி
ஔரா ஆறு நடக்கிற அளவுக்கு இறுகியிருந்தது.
வாசலில் பூட்ஸைத் தட்டிவிட்டு
உள்ளே வந்தாள் மிர்க்கா சாரெல்மா.
இருபத்திரண்டு வயது. மூக்கு நுனி சிவப்பு.
கையில் ஏலக்காய் மணக்கிற ரொட்டிப் பொட்டலம்.

‘தலைசிறந்த பாடல்கள்’ என்று
அட்டை ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டது.
முளைத்து மூன்று இலை விடாதவளுக்கு
அறுவடை விழா நடத்துகிறது கம்பெனி.
காரணம் ஊருக்கே தெரியும்:
மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது,
அவள் ஹெல்சிங்கிக்காரர்களிடம் போகிறாள்,
கட்டு அவிழ்வதற்குள் கறந்துவிட வேண்டும்.

பன்னிரண்டு பாட்டு நிரம்ப வேண்டும்.
ஜெயித்தவை ஏழு.
எட்டாவது, ரேடியோவில் இரண்டே வாரம்.
ஒன்பதாவது, முதல் பாட்டேதான், ஸ்வீடிஷ் மொழியில்.
பத்தாவதில் அவளுக்குக் கடும் சளி,
அதைத்தான் ‘உருக்கம்’ என்று எழுதின பத்திரிகைகள்.
பதினொன்று, தயிர் விளம்பரம். முப்பத்தெட்டு நொடி.
பன்னிரண்டாவதை அவள் தானே எழுதினாள்.
அதை யாரும் கேட்டதில்லை.

நான் இசை தெரிந்தவள் அல்ல.
என் வேலை வெட்டுவது.
கறுப்பு அரக்குத் தட்டில் சூடான ஊசி இறங்க
முடிபோல் சுருண்டு எழும் இழையைக்
குழாய் உறிஞ்சிக்கொள்ளும்.
அவளுடைய மூன்று வருஷமும்
மாலைக்குள் ஒரு ஜாடியில் கைப்பிடி நூல்.

“இதில் மோசமான இடம் எது?” என்று கேட்டாள்.
உள்வட்டம் என்றேன். கடைசிப் பாட்டு.
அங்கே குரல் கொஞ்சம் தேயும், ‘ஸ’ எல்லாம் கரகரக்கும்.
கம்பெனியின் பட்டியலைப் பார்த்தாள்.
கடைசியில் இருந்தது அவள் எழுதியது.
“அப்படியானால் தயிரை அங்கே போடு.”

கம்பெனி ஆள் உஸ்வூரி
சாப்பிடப் போயிருந்தார்.
போட்டேன்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இரண்டு நொடி மௌனம்,
அது விதி.
அவளுடைய பாட்டுக்கு முன்னால் மட்டும்
நாலு நொடி விட்டேன்.
அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து, காகிதத்தின் பெயர் ஒட்டுமே,
அதைச் சுற்றி ஒரு வெற்று வளையம் மிஞ்சும்.
தட்டின் எண்ணை அங்கேதான் கீறுவோம்.
கோட்டைப் போட்டுக்கொண்டே சொன்னாள்,
“எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதேன். வியெலா.”
எங்கள் மொழியில் அதற்கு இன்னும் என்று பொருள்.
இன்னும் இருக்கிறது, இன்னும் வரவில்லை, இன்னும் கொஞ்சம்,
எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான்.
எதை நினைத்துச் சொன்னாள் என்று கேட்க வந்தேன்,
படியில் பூட்ஸ் சத்தம் இறங்கிவிட்டது.

எழுதினேன்.
கடைசி எழுத்தின் தலைமேல்
இரண்டு புள்ளி வைக்க மறந்துபோனேன்.

பதினோராயிரம் தட்டு அச்சானது.
பதினோராயிரத்திலும்
எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல்.

ஏப்ரலில் ஒரு தபால் அட்டை வந்தது.
படம், ஹெல்சிங்கித் துறைமுகம்.
பின்பக்கம் இரண்டே புள்ளி, பேனாவால்,
பக்கத்துப் பக்கத்தில்.
முகவரி தவிர வேறு எழுத்து இல்லை.

அப்புறம் அங்கே இரண்டு தட்டு போட்டாள்.
ஒன்று ஓடியது, ஒன்று ஓடவில்லை.
ஸ்டாக்ஹோம் கப்பலில் பாடுகிறாள் என்றார்கள்,
பாடவில்லை, கணக்குப் பார்க்கிறாள் என்றார்கள்.
பன்னிரண்டாவது பாட்டைப் பற்றி
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
மேல்மாடி ரூனே லிண்ட்ரோஸ் மட்டும்
படியேறும்போது விசிலடிப்பார்,
தயிரை.

அதையே சிடியாகவும் கொண்டுவந்தார்கள்.
சிடியில் அந்த வளையம் இல்லை.
நாலு நொடியையும் இரண்டாக்கிவிட்டார்கள்.

என்னிடம் ஒரு தட்டு இருக்கிறது.
சில ராத்திரி பாட்டு முடிந்த பிறகும்
எழுந்துபோய்த் தூக்க மனம் வராது.
டொக், டொக் என்று
கடைசிப் பள்ளத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஊசி.
ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சொல்லை
ஒரு நகக்கண் தூரத்தில் கடக்கிறது,
தொடாமல்.