ஓல்டன், ஏழாம் நடைமேடை

வான் பழுதாகிய இரவு.
நாற்பது கிலோ ஆம்ப்ளிஃபையரை
ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு
பாடனில் கடைசி ரயிலைப் பிடித்தோம்,
வெலிமிரும் நானும்.
டிக்கெட் எடுக்க நேரமில்லை.

வாசலில் முத்திரை குத்தியவன் நான்,
கணக்கு என்னிடம்தான்:
நாற்பத்தொரு பேர்.
அதில் ஏழு பேர் ட்ரம்ஸ்காரனின் உறவு.
இருவர் கழிப்பறையைக் கேட்டு வந்து
கடைசிவரை நின்றுவிட்டவர்கள்.

எண்பத்து மூன்றில் ஷாபட்ஸ் நகரத்தில்
ஓர் இசைத்தட்டு போட்டான்.
அட்டையில் நடுவில் நிற்பவன் இவன்தான்,
முடிதான் சாட்சி சொல்ல மறுக்கிறது.
முதல் பக்கம், மூன்றாம் பாட்டு
அந்தக் கோடை முழுக்க வானொலியில் ஓடியதாம்.
'நீ இல்லாவிட்டால் என் குரல்
பக்கத்து வீட்டுக்கும் கேட்காது.'
ஒரு பெண்ணுக்கு என்றே ஊர் நம்பியது.
அது
கடன் வாங்கித் திருப்பித் தராத
இந்த ஆம்ப்ளிஃபையருக்கு எழுதியது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
இஸ்திரி இயந்திரத்தின் இரு முனைகளில் நின்று
விரிப்பு மடிக்கும்போது
இதையெல்லாம் சொல்வான்.
நாலாய் மடித்து நாங்கள் நெருங்கும் கணத்தில்
ஒரு வரி.
மீண்டும் விலகி, அடுத்த விரிப்பு.
அவன் வரலாறு எனக்கு
இப்படி வெள்ளை இடைவெளிகளோடுதான் தெரியும்.

சொந்தக்காரன் பெயர் திஹோமிர்.
தொண்ணூற்றொன்றில் சீருடை கொடுத்து
பஸ்ஸில் ஏற்றினார்கள்.
'பிறகு யாரிடம் திருப்பிக் கொடுப்பது?'

நான் எதுவும் கேட்கவில்லை.
இந்த மாதிரி வாக்கியங்கள்
எந்த இடத்தில் நிற்கும் என்று
எனக்குத் தெரியும்.
அடுத்த விரிப்பை எடுத்தேன்.

இங்கே வந்து பதினாறு வருடம்
கல்யாண மண்டபங்கள்.
எச்சில் தொட்டு நெற்றியில் ஒட்டப்படும்
இருபது பிராங்க் தாள்.
துடைத்துவிட்டு வாசிப்பான்.
இரண்டு வட்ட நடனங்களுக்கு நடுவே
தன் பழைய பாட்டின் கிட்டார் பகுதியை
எட்டு அளவு மட்டும் கடத்திவிடுவான்,
சுங்கத்தில் சிகரெட் கடத்துகிறவனைப் போல.
ஒரு கால்கூடத் தடுமாறியதில்லை.
'அவ்வளவு நன்றாக வாசித்தேனா,
யாருமே கேட்கவில்லையா,
இன்றுவரை தெரியாது.'

ஆராவ் தாண்டியதும் பரிசோதகர் வந்தார்.
இருபத்தைந்து வயது இருக்கும்.
அடையாள அட்டையைப் பார்த்தார்,
ஆளைப் பார்த்தார்,
திரும்ப அட்டையை.
சுவிஸ் ஜெர்மன் சட்டென்று இறங்கிப்போய்
வேறொரு மொழி ஏறிக்கொண்டது.
சோலதூர்னில் அம்மா,
ஞாயிறுதோறும் வீடு துடைக்கும்போது,
அதே தட்டு, அதே கீறல்.
சொல்லிவிட்டு விசிலடித்தார்,
கிட்டார் பகுதியை, ஆளில்லாத பெட்டியில்.

ஐந்தாவது ஸ்வரத்தில் பிசகு.

வெலிமிர் உறையின் ஜிப்பைத் திறந்தான்.
மின்சாரமில்லாத எலெக்ட்ரிக் கிட்டார்
கொசு அளவுக்குத்தான் பேசும்.
மெதுவாக வாசித்துக் காட்டினான்.
'கீறல் விழுந்த இடம் அது,
உன் அம்மாவின் தட்டு அங்கே தாவுகிறது.'
பையன் மறுபடி விசிலடித்தார்.
சரியாக வந்தது.

பிறகு இயந்திரத்தைத் தட்டி
இருவருக்குமாக
இருநூறு பிராங்க் அபராதச் சீட்டு நீட்டினார்.
'அம்மாவிடம் சொல்கிறேன்' என்றார்,
தொப்பியைச் சரிசெய்துகொண்டு.

ஓல்டனில் இறங்கினோம். மணி ஒன்று.
இன்றைய வசூல் நூற்றெண்பது.
ஆம்ப்ளிஃபையர் மேல் உட்கார்ந்து
இரண்டு முறை எண்ணினான்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவனுக்கும் வந்தது, கொஞ்சம் பிந்தி.

தமிழில் இதையும் மேடை என்றுதான்
சொல்லுவோம் என்றேன்.
ரயில் நிற்குமிடத்தையா?
ஓம், இதைத்தான்.

தண்டவாளத்தின் இருபுறமும் பார்த்தான்,
மேலே பார்த்தான்.
'லைட்டிங் மோசம்' என்றான்.

ஐந்தரைக்கு வேலை.
தன் பக்கத்துப் பிடியைத் தூக்கினான்.
நான் என் பக்கத்தை.